டார்கஸ்: ஐந்து எண்ணிக்கையின் மேல் எழுந்த இருபது நிமிடங்கள்

எமர்சன், லேக் அண்ட் பாமர் என்னும் மூவர் கொண்ட பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘டார்கஸ்’ 1971 ஜூன் மாதத்தில் வெளிவந்து, பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அந்தக் குழுவின் வேறு எந்த ஆல்பமும் அங்கே அந்த இடத்தை எட்டியதில்லை. இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே இசைக்கோவைக்கு ஒதுக்கி, அதில் பாதிக்கு மேல் பாட்டே இல்லாமல், எளிதில் தாளம் போட முடியாத எண்ணிக்கைகளில் ஓடும் ஓர் ஆல்பம் இத்தனை பேரைச் சென்றடைந்தது வியப்புக்குரியது. இருந்தும் அந்த வெற்றியைக் காலத்தின் போக்கு என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ராக்கை நீண்ட, சிக்கலான இசைக்கோவைகளாக விரித்த புரோகிரசிவ் ராக் இசையில் பிரம்மாண்டம் என்ற பெயரில் வந்த பல படைப்புகள் இன்று வெறும் நீளமாகத் தேய்ந்துவிட்டன. ‘டார்கஸ்’ அப்படித் தேயாமல் நிற்பதற்குக் காரணம், அதன் முதல் பக்கத்தில் உள்ள ஏறத்தாழ எல்லாமே ஒரே தாளக் கருவிலிருந்தும் ஒரே சுர இடைவெளியிலிருந்தும் வளர்ந்திருப்பதுதான்.

இதன் மதிப்பை உணர முதல் ஆல்பத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். தி நைஸ் குழுவிலிருந்து வந்த கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன், கிங் கிரிம்சன் குழுவிலிருந்து வந்த பாடகரும் பேஸ், கிட்டார் கலைஞருமான கிரெக் லேக், அட்டாமிக் ரூஸ்டர் குழுவிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் கார்ல் பாமர் ஆகிய மூவரும் சேர்ந்து 1970 நவம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பம், திறமையில் குறைவற்றது. ஆனால் அதில் மூவரும் தத்தம் சரக்கைத் தனித்தனியாகவே கொண்டுவந்து வைத்தார்கள். எமர்சன், செவ்வியல் இசையமைப்பாளர்களான பார்டோக்கின் பியானோ இசையையும் யானாச்செக்கின் வாத்தியக் குழு இசையையும் ராக்கின் வேகத்துக்கு மாற்றினார். லேக், தாம் சிறுவனாக இருந்தபோது எழுதிய ‘லக்கி மேன்’ பாடலைத் தந்தார். பாமருக்கு ஒரு தனி ஆவர்த்தனம் கிடைத்தது. கேட்பதற்கு இனிமையான அந்த ஆல்பத்தில், இந்தக் குழுவால் மட்டுமே எழுதக்கூடிய இசை எது என்ற கேள்விக்கு முழுமையான விடை இல்லை. ‘டார்கஸ்’ அந்த விடையைச் சொன்னது.

அந்த விடை பிறந்த விதம் சுமுகமானதன்று. பாமர் பயிற்சிப் பலகையில் தட்டிக்கொண்டிருந்த ஒற்றைப்படைத் தாளம் ஒன்று, எமர்சன் அப்போது பியானோவில் தேடிக்கொண்டிருந்த இடதுகை வரிசையோடு பொருந்திப்போக, அதிலிருந்தே முழு இசைக்கோவையும் எழுந்தது. லேக்குக்கு அது பிடிக்கவில்லை. குழுவே உடையும் அளவுக்கு மனக்கசப்பு முற்றி, நிர்வாகத் தரப்பினர் உட்கார்ந்து பேசியே அவரைச் சம்மதிக்கவைத்தார்கள் என்பது குழுவினர் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்ன செய்தி. 1971 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் எடி ஆஃபர்ட் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருக்க, இசையை ஏற்கத் தயங்கிய அதே லேக் தயாரிப்பாளர் நாற்காலியில் அமர்ந்தார். அந்தத் தயக்கம் இந்த ஆல்பத்துக்கு நன்மையே செய்தது என்று நினைக்கிறேன். எமர்சனின் விரல் வேகத்துக்கு எதிரே, பாட்டு எங்கே வர வேண்டும், மௌனம் எங்கே வர வேண்டும் என்று கேட்கும் ஒரு காது இருந்திருக்கிறது.

முதல் பக்கத்தின் ‘டார்கஸ்’ இசைக்கோவை 20 நிமிடங்களுக்குச் சற்று மேல் நீள்கிறது. ஏழு பகுதிகள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடர்கின்றன. கருவி இசையும் பாட்டும் மாறி மாறி வருகின்றன. ‘எரப்ஷன்’ என்னும் முதல் பகுதி, மனிதக் குரல்களைப் போல மெல்லத் திரண்டு எழும் ஓர் ஒலியுடன் தொடங்கி, ஹேமண்ட் என்னும் மின் ஆர்கனின் இடிமுழக்கத்துக்குள் சட்டெனப் பாய்கிறது. அதன் அடித்தளம் 5/4 தாளம். நம் கணக்கில் சொன்னால் கண்டம். ஆனால் கண்ட நடையில் நாம் வழக்கமாக உணரும் ஊசலாட்டம் இதில் இல்லை. எமர்சனின் இடதுகை ஓயாமல் சுழற்றும் வரிசை ஐந்தையும் பத்தாகப் பகுத்துக்கொண்டு ஓட, பாமர் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தத்தை இடம் மாற்றுகிறார். முதன்முறை கேட்பவருக்கு எங்கே சமம் என்று பிடிபடாது. ஆனால் எங்கோ ஒரு சமம் உறுதியாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த நிச்சயம்தான் கேட்பவரை விட்டு விலகாமல் இழுத்துச் செல்கிறது.

சுரங்களின் அமைப்பும் கவனத்துக்குரியது. மேற்கத்திய வெகுஜன இசையில் பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் இசைவுகள் (கார்டுகள்) பெரும்பாலும் ஸட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அடுக்கிக் கட்டப்படுபவை. அதனால்தான் அவற்றுக்கு மகிழ்ச்சி, சோகம் என்று உடனே அடையாளம் காணத்தக்க முகங்கள் கிடைக்கின்றன. எமர்சன் இங்கே ஸட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார். அப்படி அடுக்கியதும் இசைவுக்கு இருந்த அந்த முகம் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது கூர்மையான, எந்தப் பக்கமும் சாயாத ஓர் இறுக்கம். இருபதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்கள் இந்த உத்தியை அறிந்தவர்கள்தான். எமர்சன் ஆழ்ந்து கேட்ட அர்ஜென்டினாவின் ஹினாஸ்தேராவும் அவர்களில் ஒருவர். முதல் ஆல்பத்தில் பிறர் எழுதிய இசையாகவே கடன் வந்த அந்த நவீனத்துவம், இங்கே எமர்சனின் சொந்தப் பேச்சாகிவிட்டது. ‘டார்கஸ்’ குறித்துப் பேசும்போது நான் முதலில் பாராட்ட விரும்புவது இந்த மாற்றத்தையே.

புயல் ஓய்ந்ததும் வரும் ‘ஸ்டோன்ஸ் ஆஃப் இயர்ஸ்’ பகுதியில் லேக்கின் குரல் முதன்முறையாக நுழைகிறது. இருபத்துமூன்று வயதிலேயே அவருக்கு வாய்த்திருந்த அந்தத் தெளிவும் கனமும் கொண்ட குரல், இரண்டரை நிமிடங்களுக்கும் மேலாக முட்டிமோதிய ஒலிகளுக்குப் பின் வருவதால் இரட்டிப்பு மதிப்புப் பெறுகிறது. விடியலையும் காலத்தையும் முன்வைத்துக் கேள்விகளாகவே நகரும் இந்தப் பாட்டின் மெட்டு எளியது. அதன் நடுவே எமர்சன் வாசிக்கும் ஆர்கன் தனியிசை அவசரமில்லாதது. வேகமாக வாசிப்பவர் என்று மட்டும் எமர்சனை அறிந்தவர்கள் இந்தத் தனியிசையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சொற்றொடரையும் முடித்துவிட்டு அடுத்ததற்கு முன் அவர் விடும் மூச்சு, ஜாஸ் பியானோ கலைஞர்களிடம் அவர் கற்றது.

‘ஐகானோகிளாஸ்ட்’ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே நீளும் இணைப்புப் பகுதி. ஆரம்பத்தின் ஐந்தெண்ணிக்கை வேகத்தை மீட்டுத் தருவதே அதன் வேலை. ‘மாஸ்’ பகுதியில் மதபோதகர்களையும் அவர்களின் போலித்தனத்தையும் லேக் சாடுகிறார். பேஸும் ஆர்கனும் ஒன்றையொன்று வெட்டி வெட்டிப் பேசும் அதன் நடை உடலை அசையவைக்கிறது. பாட்டின் கருத்தைவிட நடையே மனத்தில் தங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘மான்டிகோர்’ 9/8 தாளத்தில் பாய்கிறது. இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான இந்தப் பகுதியில் பாமரின் வாசிப்பு அசாதாரணமானது. அப்போது அவருக்கு வயது இருபது. வேகமாக வாசிக்கும் இளைஞர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆனால் ஆர்கனின் ஒவ்வொரு அழுத்தத்தையும் முன்கூட்டியே அறிந்து, அதன் கீழே தரையைப் போல விரிந்து நிற்பதற்கு வேகத்தைத் தாண்டிய இசையறிவு வேண்டும். எமர்சனின் இசையைத் தாங்கிப் பிடித்தவர் என்பதைவிட, அதைப் பாதி எழுதியவர் என்றே பாமரைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி ‘பேட்டில்ஃபீல்ட்’. முழு இசைக்கோவையின் உச்சம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதை எழுதியவர், இந்த இசையே வேண்டாம் என்று முதலில் மறுத்த லேக். தாளத்தின் நெருக்கடி நீங்கி, இசை அகன்று மெதுவாகிறது. மின்கிட்டார் முதன்முறையாக முன்வரிசைக்கு வருகிறது. போர்க்களத்தை அப்புறப்படுத்துங்கள், நம் வெற்றியின் ஆதாயத்தை நான் பார்க்கட்டும் என்று கேட்கும் குரலில் வீராவேசம் கொஞ்சமும் இல்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட போர் எதிர்ப்புப் பாடல்கள் ஏராளம். அவற்றில் பல இன்று காலக்குறிப்புகளாக மட்டுமே எஞ்சியுள்ளன. ‘பேட்டில்ஃபீல்ட்’ எந்தப் போரையும் பெயர் சொல்லாததாலும், அதற்கு முந்தைய பதின்மூன்று நிமிடங்களின் மோதல் முழுவதும் அதற்குப் பின்புலமாக நிற்பதாலும், கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கனக்கிறது. பாட்டின் வரிகளுக்கிடையே லேக்கின் கிட்டார் நுழையும் இடங்களில், ஒரே மனிதர் இரண்டு குரல்களில் புலம்புவதைப் போன்ற உணர்வு எழுகிறது.

இறுதிப் பகுதியான ‘அக்வாடார்கஸ்’ அணிவகுப்பு நடையில் நகர, அதன் மேல் எமர்சனின் மூக் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி நீண்ட தனியிசை ஒன்றை வாசிக்கிறது. அந்தக் காலத்து மூக் கருவியில் ஒரே நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்ப முடியும். அதைச் சுருதி பிறழாமல் வைத்திருப்பதே ஒரு வேலை. அந்த வரம்புக்குள் எமர்சன் கண்டெடுத்த ஒலி வேடிக்கையாகவும் சற்றே கிறுக்குத்தனமாகவும் இருக்கிறது. ‘பேட்டில்ஃபீல்ட்’ விட்டுச்சென்ற துயரத்துக்கு அது ஈடு கொடுக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. அந்தத் தனியிசை ஒரு நிமிடம் முன்னதாக முடிந்திருக்கலாம். ஆயினும் காங் என்னும் பெரிய உலோகத் தட்டு ஒலித்து, தொடக்கத்தின் ஐந்தெண்ணிக்கை வரிசை மீண்டும் வெடித்தெழும்போது, நடுவில் நேர்ந்த தொய்வு மறந்துபோகிறது. தொடங்கிய இடத்துக்கே இசை திரும்பி வருவதால் இருபது நிமிடமும் ஒரே வளையமாக மூடிக்கொள்கிறது; இத்தகைய நீண்ட படைப்புகளில் பலவற்றுக்கு இல்லாத குணம் இது.

வில்லியம் நீல் வரைந்த உறை ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுத முடியாது. எறும்புண்ணியைப் போல் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ ஒன்று பீரங்கி வண்டியாக மாறி நிற்கும் அந்தப் படம், புரோகிரசிவ் ராக்கின் மிகப் பிரபலமான சின்னங்களில் ஒன்று. விரித்துத் திறக்கும் உறையின் உட்பக்கங்களில் கதை தொடர்கிறது: எரிமலையருகே முட்டையிலிருந்து பிறக்கும் டார்கஸ், பாதி விலங்கும் பாதி இயந்திரமுமான பகைவர்களை ஒவ்வொன்றாக வீழ்த்தி, இறுதியில் மனித முகமும் தேள்வாலும் கொண்ட மான்டிகோரிடம் தோற்றுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அழகான கற்பனைதான். ஆனால் பாடல் வரிகளில் இந்தக் கதையின் சுவடு ஏறக்குறைய இல்லை. லேக் போரையும் மதத்தையும் காலத்தையும் பற்றிப் பாடிக்கொண்டிருக்க, படங்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. கதையை வைத்து இசையைப் பின்தொடர முயல்பவர் குழம்புவார். புதிதாகக் கேட்பவர்கள் அந்தப் படங்களைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, இசையை அதன் சொந்த இலக்கணத்தின்படி கேட்பதே நல்லது. பின்னாளில் குழு தொடங்கிய சொந்த இசைத்தட்டு நிறுவனத்துக்கு, டார்கஸின் பெயரை வைக்காமல் அதை வென்ற மான்டிகோரின் பெயரையே வைத்தார்கள் என்பது சுவையான செய்தி.

வரிகளைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பேட்டில்ஃபீல்ட்’ தவிர்த்த இடங்களில் லேக்கின் சொற்கள் பெரிய பெரிய கருத்துகளைத் தொட்டுவிட்டு நகர்கின்றன. ஒரு காட்சியோ ஒரு மனிதரோ அவற்றில் நிற்பதில்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் இவ்வரிகளில் பாதி நினைவில் தங்கியிராது.

இரண்டாம் பக்கத்தை விமர்சகர்கள் பலரும் ஒரே வரியில் தள்ளிவிடுவது வழக்கம். முதல் பக்கம் சிகரம், இரண்டாம் பக்கம் மிச்சம் மீதி என்பது அவர்கள் முடிவு. இதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ‘ஜெரமி பெண்டர்’ இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான, பழைய மதுக்கடைப் பியானோ பாணியில் அமைந்த சிறு வேடிக்கை, அதைக் கடந்துவிடலாம். ‘பிட்சஸ் கிரிஸ்டல்’ அப்படியன்று. மூன்றும் ஆறுமாகச் சுழலும் வேகத்தில் எமர்சனின் பியானோ ஜாஸும் பூகி ஊகியும் கலந்து பாய, லேக் தம் வழக்கமான மென்மையைக் கைவிட்டுக் கிட்டத்தட்டக் கத்திப் பாடுகிறார். அவருடைய குரலில் இத்தனை கரடுமுரடும் உண்டு என்பதை இந்தப் பாட்டு அறிவிக்கிறது.

அடுத்து வரும் ‘தி ஒன்லி வே’ பாடலும் அதிலிருந்து இடைவெளியின்றி விரியும் ‘இன்ஃபினிட் ஸ்பேஸ்’ கருவி இசையும் சேர்ந்து, இந்த ஆல்பத்தின் இரண்டாவது பெரும் சாதனை என்று சொல்லத் தயங்கமாட்டேன். செவ்வியல் இசை மேதை பாக் எழுதிய எஃப் மேஜர் டொக்காட்டா என்னும் ஆர்கன் இசையைத் தேவாலய ஆர்கனில் வாசித்தபடி பாட்டு தொடங்குகிறது. அந்தப் புனிதமான ஒலியின் மேல் லேக் பாடுவது கடவுள் நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கும் வரிகள். இனப்படுகொலையில் மாண்ட யூதர்களை முன்னிறுத்தி அந்தக் கேள்வி எழுப்பப்படுகிறது. தேவாலயத்தின் இசையைக்கொண்டே தேவாலயத்தைக் கேள்வி கேட்பது எளிதில் மலிவான உத்தியாகிவிடக்கூடும். அது அப்படி ஆகாமல் காப்பது, பாக்கின் மீது எமர்சனுக்கு இருக்கும் உண்மையான பக்தி. ஒவ்வொரு சுரத்தையும் அவர் மரியாதையோடு வாசிக்கிறார். பாட்டின் பிற்பாதியில் பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ தொகுப்பின் முதல் நூலிலுள்ள டி மைனர் பிரெலூடை எமர்சன் பியானோவில் எடுக்க, பாமரும் லேக்கும் அதனுடன் மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள். அங்கிருந்து ‘இன்ஃபினிட் ஸ்பேஸ்’ ஏழெண்ணிக்கையில் ஒரு பியானோ வரிசையைச் சுழற்றத் தொடங்குகிறது. நம் மிஸ்ர சாபுவுக்குப் பழகிய காதுக்கு இது இதமாக இருக்கும். இதில் தனியிசைகள் இல்லை, சாகசங்கள் இல்லை. ஒரே வரிசையை மூவரும் பொறுமையாகச் சுமந்து நடக்கிறார்கள். முதல் பக்கத்தின் அடிப்படை எண்ணமான, ஒரு தாள வரிசையை விடாமல் பற்றிக்கொண்டு அதிலிருந்து இசையைக் கறந்தெடுப்பது, இங்கே ஆரவாரமின்றி மீண்டும் நிகழ்கிறது. அதனால்தான் இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தோடு தொடர்பற்றது என்ற கூற்றை நான் மறுக்கிறேன்.

‘எ டைம் அண்ட் எ பிளேஸ்’ கனமான, நேர்த்தியான ராக் பாட்டு. ஹேமண்ட் ஆர்கன் ஒரு மின்கிட்டாரின் இடத்தை எவ்வளவு முழுமையாக நிரப்ப முடியும் என்பதற்கு நல்ல சான்று. ‘ஆர் யூ ரெடி எடி’ என்னும் கடைசிப் பாட்டு, பொறியாளர் எடி ஆஃபர்டைக் கேலியும் பாசமுமாக விளித்து, பதிவு முடிந்த களிப்பில் வாசித்த ராக் அண்ட் ரோல். ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்கு அது இனிய நினைவாக இருந்திருக்கும். இத்தனை கனமான ஒரு படைப்பின் இறுதியில், சாண்ட்விச் பற்றிய கூச்சலோடு முடியும் இந்தப் பாட்டுக்கு இடம் தந்தது தவறு என்றே கருதுகிறேன். ‘எ டைம் அண்ட் எ பிளேஸ்’ பாட்டோடு இசைத்தட்டை நிறுத்திவிடுவதில் எந்த இழப்பும் இல்லை.

வாங்கிக் கேட்க விரும்புவோர் எந்தப் பதிப்பைத் தேர்வது என்பதையும் கவனிக்க வேண்டும். தனித்தனியே பதிந்த ஒலிகளைச் சேர்த்து ஆஃபர்ட் அமைத்த மூலக் கலவை (மிக்ஸ்) நெருக்கமானது. ஆர்கனும் பேஸும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே சுவராக நிற்கின்றன. அந்த நெருக்கத்தில் ஒரு வலிமை உண்டு. 2012இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த புதிய கலவையில் கருவிகள் விலகி நிற்கின்றன. குறிப்பாக ‘எரப்ஷன்’ பகுதியில் இடதுகை வரிசையையும் பேஸையும் தனித்தனியே பின்தொடர முடிகிறது, பாமரின் சிம்பல் வேலைகள் துலங்குகின்றன. ஆல்பத்தில் இடம்பெறாத லேக்கின் ‘ஓ, மை ஃபாதர்’ பாடலும் அந்தப் பதிப்பில் கிடைக்கிறது; அமைதியான, சொந்தத் துயரம் தோய்ந்த பாட்டு அது. இசையின் அமைப்பைப் பயில விரும்புவோருக்கு வில்சனின் கலவையையும், 1971இன் கேட்பவர்களை அந்த ஒலி எப்படி மோதியிருக்கும் என்று உணர விரும்புவோருக்கு மூலக் கலவையையும் பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டுமே வாங்க முடியுமென்றால் மூலத்தை வாங்குங்கள். எமர்சன் எழுதியது மூன்று கருவிகள் ஒரே உடலாக இயங்கும் இசை. அதைப் பிரித்துக் காட்டுவது பாடத்துக்கு உதவும், அனுபவத்தைச் சற்றே தளர்த்தும்.

இந்த ஆல்பத்தோடு பழகிய பிறகு கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. 1974இல் வெளிவந்த மூன்று இசைத்தட்டு நேரலைத் தொகுப்பில் ‘டார்கஸ்’ ஏறத்தாழ 27 நிமிடங்களுக்கு விரிகிறது. ‘பேட்டில்ஃபீல்ட்’ முடிவில் லேக், கிங் கிரிம்சன் காலத்து ‘எபிடாஃப்’ பாடலின் சில வரிகளை இணைத்துப் பாடுவது அதன் பெரும் பேறு. வேகம் கூடியிருப்பதால் தாளத்தின் நுணுக்கம் சில இடங்களில் மங்குகிறது என்பது அதன் குறை. மற்றது, ஜப்பானிய இசையமைப்பாளர் தகாஷி யோஷிமட்சு 2010இல் முழு வாத்தியக் குழுவுக்காக அமைத்த வடிவம். என்எச்கே தொலைக்காட்சி 2012இல் ஒளிபரப்பிய ஒரு வரலாற்று நெடுந்தொடரிலும் அது பயன்பட்டது. எண்பது கலைஞர்கள் சேர்ந்தாலும் திணறக்கூடிய அந்த ஐந்தெண்ணிக்கை வரிசையைப் பித்தளைக் கருவிகளும் தந்திக் கருவிகளும் பங்கிட்டு வாசிக்கும்போது, மூன்றே பேர் இதை ஒரு காலத்தில் சுமந்தார்கள் என்பது தெளிவாக விளங்கும். ஆனால் இவ்விரண்டையும் முதலில் கேட்டுவிட்டு மூலத்துக்கு வர வேண்டாம். அட்விஷனில் பதிவான அந்த 20 நிமிடங்களில் உள்ள சிக்கனம், பெருத்த வடிவங்களுக்குப் பழகிய காதுக்கு உடனே புலப்படாது.